லாண்டரி அக்காவின் காற்றுச் சட்டி

அந்த வீட்டில் பிள்ளைகள் மூன்று. மூத்தவள் அக்கா. அவளுக்கு நாலு வருஷம் கழித்து ஒரு தங்கச்சி, இப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். டீச்சருக்கு மூன்று வருஷம் இளையவன் தம்பி, பஸ் டிரைவர். அக்கா பெரிய ஆஸ்பத்திரி லாண்டரியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்மாரின் பச்சைத் துணி என்று ஒரு நாளைக்கு எண்ணூறு உருப்படி அவள் கைபட்டுப் போகும். ரிடையர் ஆகி ஒரு வருஷம் ஆன பிறகும் தெருவில் அவளுக்கு லாண்டரி அக்கா என்றுதான் பேர்.

அவளுக்குப் பதினோரு வயதிருக்கும்போதே அடுப்படி அவள் கைக்கு வந்துவிட்டது. அப்பா கப்பலில் வேலை. ஒன்றரை வருஷத்துக்கு ஒருதரம் வந்து, இருபது நாள் தூங்கிவிட்டுப் போவார். அம்மாவுக்கு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஷிப்டை யாரும் கேட்க மாட்டார்கள், அம்மா கேட்டு வாங்குவாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ரெண்டு சின்னதுகளின் வயிறும் அக்காவின் பொறுப்பு. உருளைக்கிழங்கை வட்டம் வட்டமாக நறுக்கி, மாவில் முக்கி, எண்ணெயில் போட்டெடுப்பாள். ஒரு நாள் டீச்சர், அப்போது அவள் டீச்சர் இல்லை, ஏழு வயசுப் பொடிசு, கை கழுவப் போன நேரத்தில், தம்பிக்காரன் அடுப்புப் பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றாக வாயில் போட்டுவிட்டான். அவள் திரும்பி வந்தபோது தட்டில் ரெண்டே ரெண்டு. அழுத அழுகையில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டிவிட்டார்கள்.

அன்றைக்கு அக்கா ஒரு சட்டம் போட்டாள். எல்லார் தட்டும் நிரம்பாமல் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது.

ஐம்பது வருஷம் அந்தச் சட்டம் நின்றது. அம்மா போய், அப்பா போய், மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகி, டீச்சரின் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் வேலைக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி மட்டும் மாறவில்லை. அக்காவின் மூன்றாம் மாடி வீட்டில் கூடுவார்கள். அக்காவின் வீட்டுக்காரர், டீச்சர், தம்பி, தம்பி பெண்டாட்டி நாலு பேரும் சீட்டு ஆடுவார்கள். அக்கா ஆட மாட்டாள், பொரித்துக்கொண்டிருப்பாள். கடைசித் துண்டு வெந்து, ஐந்து தட்டும் நிரம்பி, அவள் முந்தானையில் கை துடைத்துக்கொண்டு "ம்" என்று சொன்ன பிறகுதான் வாய் அசையும்.

அவள் வீட்டுக்காரர் பூட்டுச் சாவி ரிப்பேர் பார்க்கிறவர். சாவிக்காரர் என்பார்கள். அவர் சொல்வார்: "எனக்குக் கல்யாணமாகி முப்பத்து மூணு வருஷம். இந்த வீட்டுல சூடா ஒரு துண்டு தின்னதில்ல. எந்தப் பூட்டையும் திறந்திருக்கேன், இந்தச் சட்டத்தத் திறக்க எங்கிட்ட சாவி இல்ல."

இப்போது தம்பி கதைக்கு வருவோம். அவன் இருபத்து நாலு வருஷமாக ஒரே ரூட் ஓட்டினவன். ரயிலடியிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் இருபத்திரண்டு நிறுத்தம். தூரத்தில் ஒரு கிழவி குடையோடு ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் போதும், வண்டியை எடுக்க மாட்டான். பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும் சரி. டிப்போவில் அவனுக்கு "மெதுவண்ணன்" என்று பட்டப்பேர். அதில் அவனுக்கு உள்ளூரப் பெருமைதான். ஸ்டியரிங்கில் கை வைத்தால்தான் தானும் ஒரு ஆள் என்று அவனுக்கு இருக்கும்.

அந்த வருஷம் டிப்போவில் எல்லா டிரைவர்களுக்கும் ரத்தம் எடுத்தார்கள். மூன்று மாசச் சர்க்கரை என்று ஒரு கணக்குச் சொல்வார்களே, அது மெதுவண்ணனுக்கு ஒன்பதே முக்கால். டிப்போ டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "மூணு மாசம் டைம். எட்டுக்குக் கீழ வந்தா வண்டி. வரலைன்னா ஸ்டோர் ரூம்தான், ரிடையர் ஆகுற வரைக்கும்." அதுவரை ஸ்டோர் ரூமில் கவுன்டர் வேலை. பிரேக் கட்டை, வைப்பர், பல்பு எடுத்துக் கொடுக்கிற வேலை.

சேதி அக்கா காதுக்கு வந்தது வெள்ளிக்கிழமை. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவள் செய்த காரியம் பாசத்தில் செய்ததுதான். ஆனால் அதைவிட மோசமாக ஒருத்தி திட்டம் போட்டும் செய்ய முடியாது. நாலு தட்டில் வழக்கம்போல உருளைக்கிழங்கு. ஐந்தாவது ஒரு கிண்ணம். கிண்ணத்தில் வெள்ளரிக்காய், தோல்கூடச் சீவாமல். அதைக் கொண்டுபோய்த் தம்பி முன்னால் வைத்தாள்.

சாவிக்காரர் கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தாள்.

"என்னக்கா இது?"

"உனக்குத்தான்டா. நீ இனிமே அதெல்லாம் தின்னக் கூடாதுல்ல?"

"ஓ."

"வெள்ளரிக்கா நல்லதுடா. எங்க ஆஸ்பத்திரி வார்டுல சுகர்காரங்களுக்கெல்லாம் இதான் குடுப்பாங்க."

"வார்டுல." தம்பி சீட்டைக் குப்புற வைத்தான். "எனக்குப் பசிக்கலக்கா. நீங்க சாப்பிடுங்க. டிப்போவுல கொஞ்சம் வேலை இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் ரூம் பூட்டியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். படியில் அவன் செருப்புச் சத்தம் மூன்று மாடியும் இறங்கிப் போவது கேட்டது. நாலு தட்டும் நிரம்பித்தான் இருந்தது. அக்கா "ம்" சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு தம்பி பெண்டாட்டி மட்டும் வந்தாள். அவள் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிறவள். பொய் சொல்லத் தெரியாத பிறவி. "அவருக்குத் தலைவலி அண்ணி" என்றாள். அதற்கடுத்த வாரம் "முதுகு வலி" என்றாள். மூன்றாவது வாரம் வாசலிலேயே நின்று, "அண்ணி, என்ன வலின்னு சொல்லச் சொன்னார்ன்னு மறந்துட்டேன்" என்று அழுதுவிட்டாள்.

அக்கா அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்டாள். வீட்டில் அவன் மாத்திரையை ஒரு நாள் போடுகிறான், ஒரு நாள் விடுகிறான். டிப்போ வாசல் கடையில் யாருக்கும் தெரியாமல் ரெண்டு பன் தின்கிறான். "எப்படியும் ஸ்டோர் ரூம்தான். தின்னுட்டாவது ஸ்டோர் ரூம்ல உக்காருறேன்" என்கிறானாம்.

அன்றைக்கு சாயங்காலம் மூன்று பேரை வைத்துக்கொண்டு சாவிக்காரர் சீட்டுப் போட்டுப் பார்த்தார். சரிவரவில்லை. சீட்டை மடக்கி வைத்துவிட்டு, "மாப்ள இல்லாம ஆட்டம் நடக்காது. அவன் ஏமாத்துவான்தான், ஆனா அவன் ஏமாத்தினாத்தான் எனக்கு ஆட்டமே ஞாபகம் வருது" என்றார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்து, "ஏன்டி, அலமாரி மேல ஒரு பெட்டி தூங்குதே, அது என்ன?" என்றார்.

அது லாண்டரிக்காரர்கள் இருபத்தாறு பேரும் சேர்ந்து அக்கா ரிடையர் ஆன அன்றைக்குக் கொடுத்த ஏர் ஃப்ரையர். எண்ணெய்ச் சட்டியே இல்லாமல் சூடான காற்றைச் சுழற்றிச் சுழற்றிப் பொரிக்கிற மெஷின். அக்கா அதற்குப் பழைய தலையணை உறையை மாட்டி, ஒரு வருஷமாக அலமாரி மேல் வைத்திருந்தாள். காற்றில் எப்படிப் பொரியும் என்பது அவள் எண்ணம். சாவிக்காரர் அதற்குக் காற்றுச் சட்டி என்று பேர் வைத்து இறக்கிக் கொடுத்தார்.

அன்றைக்கு ராத்திரியே டீச்சருக்குப் போன் போட்டாள் அக்கா. "என்னடி தின்னா ஏறாது?"

"மாவு, கிழங்கு, ரொட்டி, சர்க்கரை இதெல்லாம் ஏத்தும். முட்டை, சீஸ், கோழி, காளான், காலிஃபிளவர், குடைமிளகாய், இதெல்லாம் அவ்வளவா ஏத்தாது. மாத்திரையும் ஒழுங்காப் போடணும், நடக்கவும் நடக்கணும். சாப்பாடு மட்டும் போதாதுக்கா."

"அது அவன் பெண்டாட்டி பாத்துப்பா. நீ சாப்பாட்டச் சொல்லு."

"காலிஃபிளவர முட்டைல முக்கி, துருவுன சீஸ்ல புரட்டிப் போடு. மாவே வேண்டாம்."

"மாவில்லாம எப்படிடி ஒட்டும்?"

"ஒட்டும்க்கா. பசங்களுக்குப் பின்னம் சொல்லிக் குடுக்குற மாதிரி உனக்கு நான் எத்தனை தடவ சொல்லணும்?"

திங்கட்கிழமை காலையிலிருந்து அந்தச் சமையலறையில் நடந்ததைச் சொல்லி மாளாது. கூடையின் அடியில் ஒட்டாமல் இருக்க வெண்ணெய்த் தாள் விரித்தாள் அக்கா. வெறும் தாளோடு மெஷினை முதலில் சூடாக்கலாம் என்று நினைத்துவிட்டாள். உள்ளே சுற்றுகிற காற்றில் தாள் எழும்பிப் போய் மேலே இருக்கிற கம்பியில் ஒட்டிக் கருகி, புகை மாடிப்படி வரைக்கும் போனது. நாலாம் மாடிக்காரர் ஈரத் துண்டோடு ஓடி வந்தார். செவ்வாய்க்கிழமை, துருவின சீஸை மேலே தூவினாள். காற்று அதை வாரி மூலை மூலையாக அப்பிவிட்டது. அப்புறம் தூவாமல், முட்டையோடு சேர்த்துப் பிசைந்து அழுத்தினாள். அது நின்றது. புதன்கிழமை காளான். கழுவிப் போட்டாள், கூடையில் குளமே கட்டிவிட்டது. அதற்கப்புறம் காளானைக் கழுவுவதை விட்டுத் துணியால் துடைத்தாள்.

ஈரத்தைப் பற்றி அவளுக்குப் பாடம் சொல்ல உலகத்தில் ஆள் கிடையாது. காலிஃபிளவர் பூக்களைக் கழுவி, சுத்தமான துண்டில் பரப்பி, துண்டைச் சுருட்டி, மேலே உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுத்தாள். லாண்டரியில் கம்பளித் துணிக்கு அப்படித்தான் செய்வார்கள். பிழிந்தால் உருவம் போய்விடும், அழுத்தினால் தண்ணீர் மட்டும் போகும். கோழி இறக்கையையும் அப்படியே ஒற்றி எடுத்து, உப்பும் மிளகும் ஒரு சிட்டிகை பேக்கிங் பவுடரும் தேய்த்து, இருநூறு டிகிரியில் வைத்தாள். இருபது நிமிஷத்தில் தோல் அப்பளமாகக் கடிபட்டது. ரெண்டு தட்டும் நிரம்பி, சூடு ஆறின பிறகு சாவிக்காரர் ரெண்டு இறக்கையைத் தின்றுவிட்டு எலும்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இது சாவி மாதிரியே இருக்கு. எந்த வாயையும் திறக்கும்."

ஆனால் அது ரெண்டு பேருக்கு வைத்தது. வியாழக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திகை என்று, ஐந்து பேருக்கான காலிஃபிளவரையும் ஒரே தடவையில் கூடையில் போட்டு, மேலே அமுக்கி, தள்ளி மூடினாள். இருபது நிமிஷம் கழித்துத் திறந்தால் எல்லாம் ஈரமாக, வெளுத்துப்போய், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. இன்னும் பத்து நிமிஷம் வைத்தாள். மேலே கருகி, நடுவில் குழைந்தது.

லாண்டரியில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் டிரையர் டிரம்மை நிறைத்துவிட்டால் முதலில் வந்து நிற்கிறவள் அவள்தான். "காத்துப் போக வழி எங்கடி? பாதிக்கு மேல போட்டா துணி காயுமா, அவியுமா?" என்று முப்பத்தொரு வருஷம் கத்தினவள். அவளே இப்போது கூடையை அமுக்கி மூடியிருக்கிறாள். ஏன் அமுக்கினாள் என்று யோசித்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தட்டு நிரம்ப வேண்டுமே! கூடையில் காற்றுப் போக வழிவிட்டுப் போட்டால் பன்னிரண்டு துண்டு. ஐந்து பேருக்கு ஐந்து ஈடு. ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு நிமிஷம். முதல் ஈட்டை மூடி வைத்துக் காத்திருந்து பார்த்தாள். மாவில்லாத பண்டம், பத்து நிமிஷத்தில் தொய்ந்துவிட்டது. மெஷின் அவளுக்கு ரெண்டே வழி வைத்தது. ஒன்று மொறுமொறுப்பு, இல்லையென்றால் சட்டம்.

அன்றைக்கு மத்தியானம் முழுக்க அவள் மெஷினைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். லாண்டரி டிரையர் மாதிரி அது ஒரு "டிங்" அடித்துவிட்டுச் சும்மா இருந்தது.

"என்ன யோசனை?" என்றார் சாவிக்காரர்.

"ஒண்ணுமில்ல. நாளைக்கு டிப்போ வரைக்கும் போயிட்டு வரேன்."

டிப்போ ஸ்டோர் ரூம் என்பது தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. கம்பி வலை போட்ட கவுன்டர். உள்ளே தரை முதல் கூரை வரை இரும்பு அலமாரி. கிரீஸ் நாற்றம். தம்பி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வைப்பர்களை நீளவாரியாகப் பிரித்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தான். காக்கிச் சட்டை போட்டிருந்தான், தொப்பி இல்லை. வெளியே ஒரு பஸ் ரிவர்ஸில் போகிற சத்தம் கேட்டதும் அவன் தலை தானாகத் திரும்பியது. ஓட்டுகிறவன் கியர் மாற்றினபோது, "மெதுவாடா" என்று தனக்குள்ளே சொன்னான். அதைக் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று அக்கா கேட்டுவிட்டாள்.

"வெள்ளரிக்கா கொண்டு வந்தியா?" என்றான் அவன், திரும்பிப் பார்த்ததும்.

"இல்லடா. கையக் கொண்டு வந்தேன்." வலது மணிக்கட்டைக் கம்பி வலையில் வைத்துக் காட்டினாள். ஈர விரிப்பைத் தூக்கித் தூக்கி அந்த மணிக்கட்டு வருஷக்கணக்காக வீங்கித்தான் இருக்கும். "லாண்டரிக்காரங்க ஒரு மெஷின் குடுத்தாங்கல்ல? அதுல ஆறு நிமிஷத்துக்கு ஒருக்கா கூடைய வெளிய இழுத்துக் குலுக்கணும். என்னால முடியல. உன் அத்தானக் குலுக்கச் சொன்னா, பாதிய தரையில குலுக்குறார்."

"டீச்சரக் கூப்பிடு."

"அவ ஆறு நிமிஷம்னா ஆறு நிமிஷம் பத்து செகண்டான்னு சண்டைக்கு வருவா. எனக்கு நேரம் பாத்து வண்டிய நிறுத்தி எடுக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்."

தம்பி ரப்பர் பேண்டைச் சுண்டிக்கொண்டே இருந்தான்.

"அக்கா. எனக்குன்னு தனியா ஒண்ணும் செய்யாத. எல்லாரும் தின்ன, என் முன்னால கிண்ணம் வெச்சா, நான் நோயாளியா அங்க உக்காரணும். இங்கயே உக்காந்துக்குறேன்."

"தனியா செய்யல. உருளைக்கிழங்கே இல்ல வீட்டுல. எல்லாருக்கும் ஒரே பண்டம்தான். அது நல்லாருக்கா கேவலமாருக்கான்னே எனக்கு இன்னும் தெரியல. அன்னிக்கு நான் செஞ்சது தப்புடா."

அக்கா தப்பு என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. ஐம்பத்து மூன்று வயசுக்காரன், ஸ்டூலில் நெளிந்தான். கடைசியில், "குலுக்கிக் குடுத்துட்டு வந்துடுவேன். சீட்டெல்லாம் ஆட மாட்டேன்" என்றான்.

"யாரு உன்னை ஆடச் சொன்னா?"

ஞாயிற்றுக்கிழமை நாலுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போதே வந்தான். நேராகச் சமையலறைக்குப் போனான். அக்கா பன்னிரண்டு காலிஃபிளவர்ப் பூக்களைத்தான் கூடையில் வைத்திருந்தாள், ஒன்றுக்கொன்று தொடாமல்.

"இவ்ளோதானா? நம்ம அஞ்சு பேருக்கா!"

"அதுக்கு மேல ஏத்தினா ஓடாது."

"ஓவர்லோடா?" அவன் முகத்தில் நாலு வாரமாகக் காணாத ஒரு வெளிச்சம் வந்தது. "சரி, எத்தனை டிகிரி? ஆறு நிமிஷத்துல முதல் நிறுத்தமா?"

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைத்துக்கொண்டு நின்றான். ஆறாவது நிமிஷம் கூடையை இழுத்தான். ஒரு குலுக்கு, லேசாக, நிற்கிற பயணிகள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழாத மாதிரி. திரும்ப உள்ளே தள்ளினான். பன்னிரண்டாவது நிமிஷம் வெளியே எடுத்தால், ஓரமெல்லாம் பழுப்பாகச் சிவந்து, சீஸ் நுரை கட்டி இறுகியிருந்தது. வாசனை கூடத்துக்குப் போய், சாவிக்காரர் "என்னடி அங்க?" என்று கேட்டார்.

அக்காவின் கையில் இடுக்கி. எதிரில் ஐந்து காலித் தட்டு. அவள் தட்டுகளைப் பார்த்தாள், கூடையைப் பார்த்தாள். பிறகு ஒரு துண்டை இடுக்கியால் எடுத்து, ஊதிக்கூட ஆற்றாமல், தம்பி முன்னால் நீட்டினாள்.

"தின்னு."

"தட்டு நிரம்பலையேக்கா."

"தின்னுடா, ஆறிடப் போவுது."

அவன் கையை நீட்டவில்லை. ஐம்பது வருஷப் பழக்கம், கை வர மறுத்தது. வாசலில் டீச்சர் வந்து நின்று வாயைப் பிளந்தாள். "அக்கா! என் பங்க அன்னைக்குத் தின்னவனுக்கே முதல் துண்டக் குடுக்குறியா?"

"உனக்கு அடுத்த ஈட்டுல. நீ இங்க வந்து நில்லு. எல்லாரும் இங்க வாங்க. இனிமே வர வரத் தின்னுறதுதான்."

தம்பி வாங்கிக் கடித்தான். மொறுக்கென்று ஒரு சத்தம். உள்ளே சூடு பட்டு ஹா ஹா என்று வாயால் காற்று விட்டான். எல்லாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உப்பு கம்மி" என்றான்.

அக்கா இடுக்கியால் அவன் தோளில் ஒன்று போட்டாள். சாவிக்காரர் வந்து, கூடையிலிருந்தே நேராக ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "முப்பத்து மூணு வருஷம்" என்றார். "எனக்கு யாராவது முன்னாலயே சொல்லியிருக்கலாம், சூடா இருந்தா இப்படி இருக்கும்னு."

நாலு பேர் நிற்கத்தான் அந்தச் சமையலறையில் இடம். ஐந்து பேர் நின்றார்கள். தம்பி பெண்டாட்டி கழுவு தொட்டியில் சாய்ந்து நின்றாள். டீச்சர் துண்டுகளை எண்ணிக்கொண்டே இருந்தாள். ரெண்டாவது ஈடு காளான், தண்டைப் பிடுங்கிக் குழியில் சீஸ் அடைத்தது. மூன்றாவது கோழி இறக்கை. நாலாவது குடைமிளகாய்ப் பாதிகளில் முட்டை ஊற்றினது. அது பாதி கவிழ்ந்துவிட்டது, அதையும் தின்றார்கள். சீட்டுக்கட்டை சாவிக்காரர் சமையலறைக்கே எடுத்து வந்தார். ஒரு ஈட்டுக்கும் மறு ஈட்டுக்கும் நடுவில், நின்றபடியே, அடுப்பு மேடையில் ஒரு கை ஆடினார்கள். ஆட மாட்டேன் என்றவன் ரெண்டாவது கையிலேயே ஒரு சீட்டை இடுப்பில் சொருகப் பார்த்தான். "டிரைவர், டிரைவர், கண்ணாடியில பாத்துட்டேன்" என்று டீச்சர் அவன் கையைப் பிடித்தாள்.

போகும்போது அவன் படியில் நின்று திரும்பிக் கேட்டான்: "அக்கா, அடுத்த வாரம் பீன்ஸ போட்டுப் பாக்கலாமா? எள்ளு புரட்டி?"

அப்புறம் அவன் ஒரு ஞாயிறும் விடவில்லை. தம்பி பெண்டாட்டி சொன்னாள், வீட்டில் மாத்திரைப் பெட்டியைத் தானே எடுத்து வைக்கிறானாம். டிப்போவுக்கு நடந்தே போகிறானாம். பன் கடைக்காரர், "எங்க டிரைவர், ஆளையே காணோம்?" என்று கேட்டதற்கு, "உங்க பன்னுல மொறுமொறுப்பு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனானாம். அவனே ஒரு பண்டம் கண்டுபிடித்தான். அரைத்த கோழியில் முட்டையும் வெங்காயத்தாளும் சேர்த்து உருட்டி, பொடித்த வேர்க்கடலையில் புரட்டிப் போடுவது. அதற்குச் "சில்லறை" என்று பேர் வைத்தான். டீச்சர் அதைத் தன் பள்ளிக்கூட ஓய்வறைக்குக் கொண்டுபோய், தான் செய்ததாகச் சொல்லிப் பாராட்டு வாங்கினாள்.

மூன்று மாசம் முடிந்து ரத்தம் எடுத்த செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. துவைத்த விரிப்பையே எடுத்து மறுபடி துவைத்தாள். புதன், வியாழன் போன் வரவில்லை. அவளும் போடவில்லை. வெள்ளிக்கிழமை டீச்சர் கூப்பிட்டு, "கேட்டியா?" என்றாள். "நான் கேக்க மாட்டேன். நீயும் கேக்காத. கிண்ணம் வெச்ச கதையாயிடும்" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்தான். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவன் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கலாமென்றால், அவள் வந்ததிலிருந்து தலையைக் குனிந்தபடி வெங்காயத்தாளையே நறுக்கிக்கொண்டிருந்தாள். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. முதல் ஈடு உள்ளே போனது. ஆறாவது நிமிஷம் இழுத்துக் குலுக்கினான். உள்ளே தள்ளினான்.

"அக்கா."

"ம்."

"அடுத்த வாரத்துலேர்ந்து என்னால வர முடியாது."

அக்கா கையில் இருந்த முட்டையை மேடையில் மெல்ல வைத்தாள். உடைந்துவிடுமோ என்று பயந்தவள் மாதிரி.

"ஏன்டா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஞாயித்துக்கெழம மத்தியானம் பன்னெண்டுலேர்ந்து எட்டு வரைக்கும் டூட்டி போட்டிருக்காங்க. புதுசா சேந்தவன் மாதிரி லிஸ்ட்ல கடைசியில இருந்து ஆரம்பிக்கணுமாம். ஞாயித்துக்கெழம டூட்டி ஒருத்தனும் கேக்க மாட்டான்ல, அத எந்தலையில கட்டிட்டாங்க."

"என்ன டூட்டி? ஸ்டோர்தான் ஞாயித்துக்கெழம பூட்டியிருக்குமே?"

"ஸ்டோர்னு நான் எப்ப சொன்னேன்?" அவன் வாய் கோணியது, அடக்க முடியவில்லை. "ரயிலடி டு தண்ணித் தொட்டி. ஏழு புள்ளி நாலுக்கா."

தம்பி பெண்டாட்டி கத்தியைப் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். "வெள்ளிக்கெழமையே வந்துருச்சு அண்ணி. நேர்ல பாத்துச் சொல்லணும், நீ வாயத் திறந்த கொன்னுடுவேன்னார். ரெண்டு நாளா நான் பட்ட பாடு!"

டீச்சர் "ஒன்பதே முக்கால்லேர்ந்து ஏழு புள்ளி நாலு" என்று விரலை மடக்கிக் கழித்துக்கொண்டிருந்தவள், பாதியில் கணக்கை விட்டுவிட்டுத் தம்பியின் தலைமுடியைப் பிடித்து ஆட்டினாள். சாவிக்காரர் அவன் முதுகில் அடித்த அடியில் அவன் மேடையில் போய் முட்டினான்.

அக்கா மட்டும் அசையவில்லை. சந்தோஷம் ஒரு பக்கமும், ஞாயிற்றுக்கிழமை போகிற துக்கம் ஒரு பக்கமும் அவளைப் பிடித்து இழுத்தன. பஸ்ஸில் அவனை உட்காரவைக்கத்தான் இவ்வளவும் செய்தாள். உட்கார்ந்ததும் அவன் இங்கே வர முடியாதென்றால், அவள் யாரிடம் போய் நியாயம் கேட்பாள்?

"உனக்கு எப்படா லீவு?" என்றாள் கடைசியில்.

"செவ்வாக்கெழம."

"அப்ப செவ்வாக்கெழம."

"எனக்கு ஸ்கூல் இருக்கேக்கா!" என்றாள் டீச்சர்.

"நாலு மணிக்கு விட்டுடுவாங்கல்ல? அஞ்சு மணிக்கு வா. அஞ்சு மணிக்குத் தின்னா பண்டம் வேணாம்னா சொல்லும்?"

"எனக்குக் கடை" என்று சாவிக்காரர் ஆரம்பித்தார். அக்கா பார்த்த பார்வையில், "கடைய சீக்கிரம் பூட்டிடுறேன், பூட்டா கிடைக்காது எனக்கு" என்று முடித்தார்.

தம்பி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான், அடுப்பு மேடைச் சூடு என்று சொல்லிக்கொண்டே. மெஷின் மணி அடித்தது. யாரும் போய் எடுக்கவில்லை. ரெண்டாம் தடவை அடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"ஐயய்யோ, நிறுத்தத்தத் தாண்டிட்டேன்!" என்று பாய்ந்து கூடையை இழுத்தான். ஓரத்தில் ரெண்டு துண்டு கருகியிருந்தது. கருகினதைத் தனக்கு எடுத்துக்கொண்டு, நடுவில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, அக்கா வாயருகே நீட்டினான்.

"தின்னுக்கா. செவ்வாக்கெழமைக்கு என்ன போடலாம்னு தின்னுக்கிட்டே சொல்லு."